ஃபிளாக் சோதனைகளை மொழி மாற்றும்போது: எண்ணாகவே விடுவதா, வகையாக்குவதா?

சி மொழியில் எழுதப்பட்ட ஒரு சிறிய காப்புப்பிரதிக் கருவியைச் சில ஆண்டுகளுக்கு முன் பைத்தானுக்கு மாற்றினேன். மொத்தம் ஆயிரம் வரிகூடத் தேறாது. இரண்டே நாளில் வேலை முடிந்தது. சோதனைக்கு வைத்திருந்த கோப்புறையில் அழகாக ஓடியது. உண்மையான சர்வரில் ஏற்றிய முதல் இரவே, தரவுத்தளம் திறந்து வைத்திருந்த ஒரு சாக்கெட்டை (நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வாசல்) கோப்புறை என்று எண்ணி அதற்குள் நுழையப் பார்த்தது. முடியாமல் பிழை காட்டி நின்றுவிட்டது. காலையில் வந்து பார்த்தால் காப்புப்பிரதி பாதிதான் இருந்தது.

தவறு ஒரே ஒரு & குறியில் இருந்தது. இரண்டு எண்களிலும் ஒரே இடத்தில் 1 ஆக இருக்கும் பிட்டுகளை (0 அல்லது 1 என்ற இலக்கங்களை) மட்டும் விட்டுவைக்கும் குறி அது. யூனிக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ‘மோடு’ என்று ஓர் எண் உண்டு. அதன் கீழ் ஒன்பது பிட்டுகள் படிக்க, எழுத, இயக்க உரிமையாளருக்கும் குழுவுக்கும் மற்றவர்க்கும் இருக்கும் அனுமதிகள். அவற்றுக்கு மேல் செட்யூஐடி, செட்ஜிஐடி, ஸ்டிக்கி என்று மூன்று. இந்தப் பன்னிரண்டும் உண்மையான ஃபிளாகுகள். ஒவ்வொன்றும் தன்னளவில் ஆம் அல்லது இல்லை. உச்சியில் இருக்கும் நான்கு பிட்டுகள் மட்டும் வேறு சாதி. அவை நான்கும் சேர்ந்துதான் கோப்பின் வகையைச் சொல்கின்றன. சாதாரணக் கோப்புக்கு 1000, கோப்புறைக்கு 0100, சாக்கெட்டுக்கு 1100, வட்டு போன்ற பிளாக் சாதனத்துக்கு 0110, குறியீட்டு இணைப்புக்கு 1010.

இப்போது ‘மோடு & கோப்புறை’ என்று மட்டும் கேட்டால் என்ன ஆகும்? 1100-ஐயும் 0100-ஐயும் & செய்தால் 0100 கிடைக்கும். அது சுழியம் இல்லை, ஆகவே ‘ஆம்’. சாக்கெட் கோப்புறையாகிவிட்டது. பிளாக் சாதனமும் அப்படியே. சி மூலத்தில் இதற்கென ஒரு மேக்ரோ (பெயரிட்ட சிறு நிரல் துண்டு) இருந்தது; அது முதலில் நான்கு பிட்டுகளையும் மாஸ்க் செய்து, அதாவது மற்ற பிட்டுகளை மறைத்து, எடுத்து, பிறகு == போட்டு ஒப்பிடும். அதைச் சுற்றியிருந்த பத்துப் பன்னிரண்டு வரிகளும் வெறும் & வரிகளாக இருந்ததால், கை பழகிய வேகத்தில் இதையும் அதே அச்சில் வார்த்துவிட்டேன். பைத்தானின் ஸ்டாட் தொகுதியில் அந்த மேக்ரோவுக்கு நேரான ஃபங்ஷன் முன்பே இருக்கிறது என்பதைப் பிறகுதான் பார்த்தேன்.

அதன் பிறகு இப்படிப்பட்ட மாற்றங்களை அரை டஜன் மொழிகளுக்குச் செய்திருக்கிறேன். ‘எண்ணாகவே வைத்துக்கொள்வதா, புது மொழி தரும் ஃபிளாக் வகையைப் பயன்படுத்துவதா, பெயர்களின் கணமாக்குவதா, தனித்தனி பூலியன்களாக (ஆம்/இல்லை மாறிகளாக) பிரிப்பதா’ என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மூல வரி என்ன கேள்வி கேட்கிறது? சி மொழியில் ஐந்து வெவ்வேறு கேள்விகள் ஏறக்குறைய ஒரே முகத்தோடு நிற்கும். இந்த ஒரு பிட் எரிகிறதா, அதாவது 1 ஆக இருக்கிறதா? இந்தச் சிலவற்றில் ஏதேனும் ஒன்று எரிகிறதா? எல்லாமே எரிகின்றனவா? எதுவுமே எரியவில்லையா? இந்தப் பகுதியின் மதிப்பு இன்னதா? முதல் கேள்விக்கு எல்லா வழிகளும் ஒரே விடை தரும். மற்ற நான்கில்தான் வழிகள் பிரிகின்றன.

முதலில் எண்ணாகவே விடும் வழி. மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி சரிபார்க்க முடிவது இதில் மட்டுந்தான். கோப்பிலோ வலையிலோ கெர்னலிலோ இருந்து வரும் எண் அப்படியே இருக்கிறது, திரும்பப் போகும்போதும் அப்படியே போகிறது. பார்க்க எளிதாக இருப்பதால் இதில் ஆபத்தில்லை என்று நினைத்துவிடக் கூடாது. பொறிகள் அதிகம் இருப்பதும் இந்த வழியில்தான்.

சுழியம் உண்மையா பொய்யா என்பதிலேயே மொழிகள் ஒத்துப்போவதில்லை. சி, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றில் சுழியம் பொய். ஜாவா, சி ஷார்ப், கோ, ரஸ்ட், ஸ்விஃப்ட் ஆகியவை நிபந்தனையில் எண்ணையே ஏற்பதில்லை; != 0 என்று எழுதாவிட்டால் கம்பைலர் தடுத்துவிடும். அது நல்லதுதான், தவறு உடனே தெரிந்துவிடுகிறது. ரூபியும் லுவாவும்தான் வம்பு. அவற்றில் சுழியமும் உண்மை. ‘மோடு & எழுது’ என்ற நிபந்தனையை அப்படியே ரூபிக்குக் கொண்டுபோனால், எழுதும் அனுமதி இல்லாத கோப்புக்கும் ‘ஆம்’ என்றே வரும். எந்த எச்சரிக்கையும் இராது. ரூபி 2.5-இலிருந்து முழு எண்களுக்கு எனிபிட்ஸ், ஆல்பிட்ஸ், நோபிட்ஸ் என்ற மூன்று முறைகள் வந்துவிட்டன. ஏதேனும், எல்லாம், எதுவுமில்லை என்று கேள்விகளுக்கே பெயர் வைத்துவிட்டார்கள். மற்ற மொழிகளுக்கு எழுதும்போது நானும் இதே மூன்றையும் ஃபங்ஷன்களாக முதலில் எழுதிக்கொள்கிறேன்.

அடுத்தது முன்னுரிமை, அதாவது ஒரே வரியில் எந்தக் குறி முதலில் நடக்கும் என்பது. சி மொழியில் ‘மோடு & மாஸ்க் == 0’ என்று அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால் முதலில் == நடக்கும்; மாஸ்க் சுழியம் இல்லாதவரை முழு வரியும் எப்போதும் பொய்தான். தொடக்ககாலத்தில் தருக்க ‘மற்றும்’ என்பதற்கு && என்ற தனிக் குறி இல்லாமல், பிட் வேலை, தருக்க வேலை இரண்டையும் & ஒன்றே பார்த்தது; பிறகு && வந்தபோது, ஏற்கெனவே எழுதியிருந்த நிரல்கள் கெட்டுவிடும் என்று & இருந்த இடத்திலேயே விடப்பட்டது. ஜாவா, சி ஷார்ப், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் அந்தப் பழைய வரிசையையே சொத்தாகப் பெற்றன. ஜாவாவும் சி ஷார்ப்பும் எண்ணையும் பூலியனையும் & செய்ய மறுப்பதால் கம்பைல் ஆகாது, தப்பித்தோம். ஜாவாஸ்கிரிப்ட் வாய் திறக்காது. பைத்தான், கோ, ரஸ்ட், ஸ்விஃப்ட் ஆகியவற்றில் & முதலில் நடக்கும். ஆகவே பைத்தானில் சரியாக ஓடும் ஒரு வரியைக் குறி மாறாமல் ஜாவாஸ்கிரிப்டில் ஒட்டினால் அது எப்போதும் பொய் சொல்லும். எதிர்த்திசையில் இன்னும் வேடிக்கை: சி மூலத்தில் பல ஆண்டுகளாக யாரும் கவனிக்காத பிழை ஒன்று, பைத்தானுக்கு மாற்றியதும் தானாகத் திருந்திவிடும். திருந்தியது நல்லது என்று உடனே மகிழ வேண்டாம்; அந்தப் பிழையை நம்பியே வேறொரு பகுதி ஓடிக்கொண்டிருக்கலாம்.

எதிர்மறைக் குறியிலும் இதே கதை. சி மொழியில் ! என்பது தருக்க மறுப்பு, ~ என்பது பிட் மறுப்பு. ரஸ்டில் இரண்டுக்கும் ! ஒன்றே. கோ மொழியில் பிட் மறுப்புக்கு ^ குறி; ‘இந்த பிட்டுகளை அணை’ என்பதற்கு &^ என்று தனிக் குறியே உண்டு. பழைய விஷுவல் பேசிக்கிலிருந்து மாற்றுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே ‘நாட்’ எண்ணின் மீது பிட் மறுப்பாகவே வேலை செய்யும். மாஸ்க் செய்து 4 கிடைத்தால் ‘நாட் 4’ என்பது -5, அதுவும் சுழியம் இல்லை, அதனால் உண்மை. ‘இந்த ஃபிளாக் இல்லையென்றால்’ என்று எழுதியதாக எழுதியவர் நினைத்திருப்பார். நிரலோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். இதை மொழிபெயர்க்கும்போது எழுதியவரின் நோக்கத்தைப் பின்பற்றுவதா, நிரல் உண்மையில் செய்ததைப் பின்பற்றுவதா என்பதை உரிமையாளரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். நாமாக முடிவெடுக்க அது நம் வீட்டு விஷயமில்லை.

அகலமும் குறியும் சேர்ந்து கெடுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. விண்டோஸில் ஒரு கோப்பைப் படிப்பதற்கான பொது உரிமை (சுழியத்திலிருந்து எண்ணினால்) 31-ஆம் பிட், அதாவது 2147483648. குறியற்ற எண்ணாக சி மொழியில் அதை > 0 என்று சோதித்தாலும் சரியாக வரும். ஜாவாவின் 32 பிட் எண்ணில் அதுவே எதிர்மறை எண். > 0 பொய்யாகிவிடும். ஜாவாஸ்கிரிப்டில் & செய்து கிடைப்பது -2147483648 என்பதால், 2147483648-உடன் === போட்டால் ஒருநாளும் பொருந்தாது. எங்கும் != 0 என்று எழுதினால் இந்த வகைத் தொல்லை தீரும்.

32-ஐத் தாண்டிய பிட்டுகளுக்கு அந்த மருந்தும் போதாது. லினக்ஸ் கெர்னல் சூப்பர்யூசரின் அதிகாரத்தை ‘கேப்பபிலிட்டி’ என்ற துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. 2020-இல் வந்த 5.9 பதிப்பில் ஓடும் நிரலை உறைய வைத்து மீட்டெடுப்பதற்கான அதிகாரம் 40-ஆம் எண்ணில் சேர்ந்தது. ஜாவாஸ்கிரிப்டிலோ ஜாவாவின் சாதாரண முழு எண்ணிலோ 1 << 40 (1-ஐ 40 இடம் இடப்பக்கம் நகர்த்து) என்று எழுதினால், நகர்வை 32-ஆல் வகுத்த மீதியே எடுக்கப்படும், விடை 256. அது 8-ஆம் பிட், கேப்பபிலிட்டிகளையே மாற்றியமைக்கும் அதிகாரம். கேட்டது ஒன்று, சோதித்தது முற்றிலும் வேறொன்று. பாதுகாப்புச் சோதனையில் இப்படி நடந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. ஜாவாவில் லாங் வகையும், ஜாவாஸ்கிரிப்டில் பிக்இன்ட் வகையும் இதற்காகவே இருக்கின்றன. பைத்தானில் எண்ணுக்கு அகலமே கிடையாது என்பதால் இந்தக் கவலை இல்லை. ஆனால் ~4 என்பது அங்கே -5. அதை 16 பிட் குறியற்ற புலத்தில் எழுதப்போனால் பிழை வரும், சி மொழியில் 65531 என்று போயிருக்கும்.

கோப்பு அனுமதிகளை மாற்றுபவர்களுக்கு இன்னொன்று. சி மொழியில் எண்ணின் முன்னால் சுழியம் இருந்தால் அது எட்டடிமானம். 0755 என்பதை ஜாவாவும் கோவும் அப்படியே புரிந்துகொள்ளும். பைத்தான் 3 தொடரியல் பிழை என்று நிறுத்திவிடும். சி ஷார்ப்பும் ரஸ்டும் ஸ்விஃப்டும் சத்தமில்லாமல் எழுநூற்று ஐம்பத்தைந்து என்று எடுத்துக்கொள்ளும். அதை எட்டடிமானத்தில் எழுதினால் 1363. ஸ்டிக்கி பிட் எரியும். உரிமையாளருக்குத் தன் கோப்பையே படிக்க முடியாது, குழுவினர் படிக்கவும் எழுதவும் செய்யலாம், ஊர் பேர் தெரியாதவர்களும் எழுதலாம், இயக்கலாம். வேண்டுமென்றே இப்படி ஓர் அனுமதியை அமைக்கச் சொன்னாலும் நமக்குத் தோன்றாது.

இத்தனை பொறிகளையும் பார்த்த பிறகு, மொழி தரும் ஃபிளாக் வகைக்கு ஓடிவிடலாம் என்றுதான் மனம் சொல்லும். சி ஷார்ப்பில் ஃபிளாக்ஸ் என்று குறியிட்ட ஈனம் (enum, பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல்), பைத்தான் 3.6-இலிருந்து ஃபிளாக், இன்ட்ஃபிளாக், ரஸ்டில் பிட்ஃபிளாக்ஸ் என்ற தொகுப்பு. மாறியை அச்சிட்டால் 420 என்பதற்குப் பதிலாகப் பெயர்கள் தெரியும். கோப்பு அனுமதி கேட்கும் இடத்தில் சாளரத்தின் பாணியைக் கொடுத்தால் கம்பைலரோ வகைச் சோதனையோ பிடித்துவிடும். படிப்பவருக்குப் பெரிய உதவி.

ஆனால் இந்த வகைகளோடு வரும் ‘இருக்கிறதா’ முறை, சி மொழியின் & கேட்கும் கேள்வியைக் கேட்பதில்லை. சி ஷார்ப்பில் 2010-இல் வந்த ஹேஸ்ஃபிளாக், பைத்தானின் ‘இன்’, ரஸ்டின் கன்டெய்ன்ஸ் மூன்றும் கேட்பது ‘எல்லாமே எரிகின்றனவா’ என்று. சி மொழியில் நிபந்தனைக்குள் வெறுமனே எழுதிய & கேட்பது ‘ஏதேனும் எரிகிறதா’ என்று. ஒற்றை பிட்டாக இருக்கும்வரை இரண்டும் ஒன்று. ‘யாருக்காவது இயக்கும் அனுமதி உண்டா’ என்று மூன்று பிட் மாஸ்க்கோடு கேட்டால் பிரிந்துவிடும்: உரிமையாளர் மட்டும் இயக்கக்கூடிய கோப்புக்கு சி ‘ஆம்’ என்கும், ஹேஸ்ஃபிளாக் ‘இல்லை’ என்கும். ரஸ்டில் ‘ஏதேனும்’ என்பதற்கு இன்டர்செக்ட்ஸ் என்று தனி முறை இருக்கிறது. மற்ற இரண்டில் & போட்டு சுழியத்தோடு ஒப்பிடுவதே வழி.

சுழிய மதிப்புள்ள பெயர் வந்தால் விடை தலைகீழாகிவிடும். லினக்ஸில் கோப்பைத் திறக்கும்போது தரும் முறையில் படிக்க மட்டும் என்பது 0, எழுத மட்டும் 1, இரண்டுக்கும் 2. சுழியத்தோடு & செய்தால் சி எப்போதும் ‘இல்லை’ என்கும். ஹேஸ்ஃபிளாகிடம் சுழியத்தைக் கொடுத்தால் எப்போதும் ‘ஆம்’ என்கும்; வெற்றுக் கணம் எல்லாக் கணத்துக்குள்ளும் அடக்கம் என்ற கணக்கு. இரண்டு விடையுமே பயனற்றவை. அந்த இரண்டு பிட்டுகள் ஃபிளாகுகளே இல்லை, கோப்பு வகை போல ஒரு மதிப்புப் பகுதி. 3 என்ற மாஸ்க் போட்டு எடுத்து, சாதாரண ஈனமாக ஒப்பிட வேண்டும்.

தெரியாத பிட் வந்தால் என்ன செய்வது என்பதையும் இந்த வழியில் நாமே தீர்மானிக்க வேண்டும். சி மூலம் கண்டுகொள்ளாமல் அப்படியே கடத்தும். பைத்தானின் ஃபிளாக் இயல்பாகவே பிழை எழுப்பும், இன்ட்ஃபிளாக் வைத்துக்கொள்ளும். ரஸ்டில் மறுக்க, வெட்டிவிட, வைத்துக்கொள்ள என மூன்று தனி முறைகள். வெட்டிவிடுவது ஆபத்தான தேர்வு: கோப்பைப் படித்து, ஒரு ஃபிளாகை மாற்றி, திரும்ப எழுதினால், நாளைய பதிப்பு சேர்த்த பிட் நம் கையில் காணாமல் போயிருக்கும்.

ஒரே பிட்டுக்கு இரு பெயர் இருக்கும் இடங்களும் உண்டு. ஜாவா கிளாஸ் கோப்பில் 32 என்ற மதிப்பு வகுப்பின் மீது வந்தால் ‘சூப்பர்’, மெத்தடின் மீது வந்தால் ‘சிங்க்ரனைஸ்ட்’. இரண்டையும் ஒரே பைத்தான் ஈனத்தில் போட்டால் பின்னால் எழுதியது முன்னதன் மறுபெயராகிவிடும். மெத்தட் பட்டியல் முழுக்க ‘சூப்பர்’ என்று அச்சாகும். வகுப்புக்கு ஒன்று, மெத்தடுக்கு ஒன்று, புலத்துக்கு ஒன்று என மூன்று தனி வகைகள் வேண்டும். மூலத்தில் ஒரே ஹெடர் கோப்பில் இருக்கிறதே என்று சோம்பல்பட்டால் இதுதான் கூலி.

கணமாக்கும் வழிக்கு ஜாவாவின் ஈனம்செட் நல்ல எடுத்துக்காட்டு. 64 உறுப்புகள் வரை உள்ளே ஒரே ஒரு லாங் எண்ணாகத்தான் வைத்துக்கொள்கிறது, அதனால் வேகம் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் வெளியே எண் கிடையாது. கோப்பில் எழுத வேண்டுமென்றால் மாற்றும் ஃபங்ஷனை நாமே எழுத வேண்டும். ஈனத்தின் வரிசை எண்ணை பிட் எண்ணாகப் பயன்படுத்தும் ஆசை எழும். யாராவது அகர வரிசைப்படி பெயர்களை அடுக்கிய நாளில் பழைய கோப்புகள் எல்லாம் வேறு பொருள் தரத் தொடங்கும். பிட் மதிப்பை ஒவ்வொரு பெயரோடும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

ஜாவா 7 யூனிக்ஸ் அனுமதிகளை இப்படித்தான் கணமாக மொழிபெயர்த்தது. அந்த ஈனத்தில் ஒன்பது பெயர்கள்தான் இருக்கின்றன. செட்யூஐடி, செட்ஜிஐடி, ஸ்டிக்கி மூன்றுக்கும் இடமில்லை. அதை மட்டும் நம்பி எழுதிய காப்புப்பிரதிக் கருவி மீட்டெடுத்த கோப்புகளில் அந்த மூன்று பிட்டும் இராது. 2022-இல் வந்த, சி ஷார்ப் ஓடும் தளமான டாட்நெட் 7 பன்னிரண்டையும் ஃபிளாக் ஈனமாகத் தந்து, கோப்பு வகையை அதில் சேர்க்காமல் விட்டது. என் பார்வையில் இதுதான் சரியான வெட்டு. கோ மொழி இன்னொரு பாதையில் போய், கீழ் ஒன்பது பிட்டுகளை மட்டும் யூனிக்ஸ் போலவே வைத்துவிட்டு மற்றவற்றைத் தன் விருப்பப்படி மேலே இடம் மாற்றியது. அங்கே கோப்புறை 31-ஆம் பிட், செட்யூஐடி 23-ஆம் பிட். சி மூலத்தில் இருந்த 04755-ஐ அப்படியே அனுமதிகளை அமைக்கும் கோவின் சிஹெச்மோடு ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் 755 அமையும், செட்யூஐடி அமையாது, பிழையும் வராது. ஆகவே மொழிபெயர்க்கும் முன், புது மொழியின் நூலகம் அந்த எண்ணை ஏற்கெனவே ‘மொழிபெயர்த்து’ வைத்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

தனித்தனி பூலியன்களாகப் பிரிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று நான்கு ஃபிளாகுகள், நிரலை விட்டு வெளியே போகாதவை என்றால் அதுவே போதும். அதற்கு மேல் போனால் ‘ஏதேனும்’ என்ற ஒரு கேள்விக்கு ஏழு || (‘அல்லது’ குறி) எழுத வேண்டிவரும்.

என் தேர்வைக் கேட்டால்: முதல் சுற்றில் எண்ணாகவே மாற்றுவேன். ஒவ்வொரு சோதனையையும் ஏதேனும், எல்லாம், எதுவுமில்லை, பகுதி மதிப்பு என்ற நான்கு சிறு ஃபங்ஷன்களில் ஒன்றின் வழியாக மட்டுமே எழுதுவேன்; வெறும் & நிபந்தனைக்குள் எங்கும் இராது. அப்படி எழுதும்போதே ஒவ்வொரு வரியின் கேள்வியும் பெயரோடு வெளியே வந்துவிடும். இரண்டாவது சுற்றில், உண்மையான ஃபிளாகுகளை ஃபிளாக் வகைக்கும், மதிப்புப் பகுதிகளைச் சாதாரண ஈனத்துக்கும் பிரிப்பேன். எண்ணுக்கும் வகைக்கும் இடையே போக்குவரத்து கோப்பைப் படிக்கும் இடம், எழுதும் இடம் என்ற இரண்டு வாசல்களில் மட்டும். ஜாவா என்றால் உள்ளே ஈனம்செட். ஆனால் மூல எண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொள்வேன், தெரியாத பிட்டுகள் தொலையாமல் இருக்க. ஒரு முறை ஓடிவிட்டுத் தூக்கிப்போடப்போகும் கருவி என்றால் இரண்டாவது சுற்றே வேண்டாம்.

இரண்டு சுற்றுக்கும் நடுவே ஒரு சோதனை. மோடு 16 பிட் எண், ஆகவே மொத்தம் 65,536 மதிப்புகள்தான். சி மூலத்தின் ஒவ்வொரு சோதனையையும் 0 முதல் 65,535 வரை ஓடவிட்டு, விடைகளை ஒரு கோப்பில் எழுத வைக்கலாம். புது மொழியிலும் அதையே செய்து இரண்டு கோப்புகளையும் ஒப்பிடலாம். ஒரு வினாடிகூட ஆகாது. 32 பிட் என்றால் பெயருள்ள பிட்டுகளை மட்டும் எடுத்து அவற்றின் எல்லாச் சேர்க்கைகளையும், கூடவே 31-ஆம் பிட்டையும் ஓட்டினால் போதும். அந்தப் பைத்தான் கருவிக்கு இதைச் செய்திருந்தால், கோப்புறைச் சோதனை ஒன்றில் மட்டும் 28,672 வரிகள் பொருந்தாமல் நின்றிருக்கும். சர்வருக்குப் போகும் முன்பே.